படுத்துறங்கும் பாத்தியதை

தூக்கம் என்பது ஒரு பொழுதுபோக்கா? நம் வீட்டுத் திண்ணையில் யாராவது இப்படி ஒரு கேள்வியை எழுப்பினால், "வேறு வேலை இல்லையா உமக்கு?" என்று சொல்லிவிட்டு எழுந்து உள்ளே போய்விடுவோம். ஆனால் இங்கிலாந்து தேசத்தில் இதே கேள்வியை வைத்துக்கொண்டு, 2023-ஆம் வருஷம் ஜனவரி முதல் 2025-ஆம் வருஷம் மே வரையில் மூன்று நியாயஸ்தலங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தீர்ப்புச் சொல்லியிருக்கின்றன. முதல் கோர்ட்டு ஒன்று சொல்ல, இரண்டாவது கோர்ட்டு அதைப் புரட்டிப்போட, மூன்றாவதான சுப்ரீம் கோர்ட்டு கடைசி வார்த்தையைச் சொல்லிற்று.

கேள்வியைச் சற்றுத் திட்டமாகச் சொல்லுகிறேன். மின்சாரக் கம்பியும் குழாய்த் தண்ணீரும் எட்டாத ஒரு மலைவெளிக்கு ஒருவர் நடந்து போகிறார். முதுகு மூட்டையில் கொண்டுபோன சிறு கூடாரத்தை அடித்து, இரவு படுத்து உறங்கி, காலையில் அதைச் சுருட்டிக்கொண்டு போய்விடுகிறார். இது 'திறந்தவெளிப் பொழுதுபோக்கு' என்னும் சொற்றொடருக்குள் அடங்குமா, அடங்காதா? வேடிக்கை போலத் தோன்றும் இந்த வழக்கினுள்ளே, பூமி யாருக்குச் சொந்தம், சொந்தமில்லாதவனுக்கு அதில் என்ன பங்கு என்ற பெரிய விஷயம் ஒளிந்திருக்கிறது. ஆகையால் இந்த வாரம் அதைப்பற்றிச் சிறிது பேசலாமென்று எண்ணுகிறேன்.

வசிக்க வீடு இருக்கும்போது ஒருவன் வெளியே போய்க் கூடாரத்தில் படுப்பானேன் என்று கேட்கலாம். இந்த மோகத்தை இங்கிலாந்தில் ஒரு இயக்கமாகவே வளர்த்துவிட்டவர் ஒரு தையற்காரர். தாமஸ் ஹைரம் ஹோல்டிங் என்பது அவர் பெயர். சிறு பிள்ளையாயிருந்தபோது, 1853-ல், பெற்றோருடன் அமெரிக்காவின் புல்வெளிகளைக் கூண்டு வண்டிகளில் கடந்து சென்றவர். அந்த நாட்களின் ருசி அவரை விடவில்லை. பிற்காலத்தில் லண்டனில் தொழில் நடத்திவந்தபோது, சைக்கிளின் மேல் கட்டிக்கொண்டு போகக்கூடிய அளவுக்கு எடை குறைந்த கூடாரங்களை வகுத்தார். அத்தகைய கூடாரத்துடன் அயர்லாந்தில் பிரயாணம் செய்து ஒரு புத்தகமும் எழுதினார். 1901-ல் சைக்கிள் கூடாரக்காரர்களுக்கென்று ஒரு சங்கம் தோன்றிற்று. இன்று லட்சக்கணக்கான அங்கத்தினர்களுடன் நடக்கும் பெரிய கூடாரச் சங்கம் அதன் வழிவந்ததே. தென் துருவப் பிரயாணத்தில் உயிர் நீத்த காப்டன் ஸ்காட் அதன் முதல் தலைவராக இருந்தார் என்பதும் குறிப்பிடத் தக்கது. ஹோல்டிங் 1908-ல் வெளியிட்ட கூடாரக் கைநூல் இத்துறையில் ஆதி நூல் என்று கருதப்படுகிறது.

அதற்கு முந்திய வருஷம், 1907 ஆகஸ்டில், பேடன்-பவல் துரை சுமார் இருபது சிறுவர்களைப் பிரவுன்ஸீ என்ற சிறு தீவுக்கு அழைத்துச் சென்று எட்டு நாள் கூடாரத்தில் வைத்திருந்தார். பணக்காரப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளும் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளும் ஒரே கூடாரத்தில் படுத்தார்கள். சாரணர் இயக்கம் அங்கேதான் கருக்கொண்டது. பிள்ளைகளுடன் காலங்கழிப்பதையே தொழிலாகக் கொண்ட எனக்கு இச்செய்தியில் தனி ஈடுபாடு உண்டு. கறுப்புப் பலகையில் ஒரு வருஷம் எழுதிப் போட்டாலும் வராத சில பாடங்கள், மழை பெய்யும் ஓர் இரவில் தானே அடுப்பு மூட்டிக் கஞ்சி காய்ச்சும் பிள்ளைக்குத் தாமாகவே வந்துவிடுகின்றன.

இக்காலத்தில் கூடார வாசம் இரண்டு வகையாகப் பிரிந்துவிட்டது. ஒன்று சௌகரிய வகை. கட்டணம் கொடுத்தால் எண்ணிட்ட இடம் கிடைக்கும். பக்கத்திலேயே மின்சார இணைப்பு, வெந்நீர்க் குளியல், கடை, குழந்தைகள் விளையாட ஊஞ்சல் எல்லாம் உண்டு. ஊரை விட்டு வந்தும் ஊர் கூடவே வந்துவிட்டதாகப் பொருள். மற்றொன்று இவை ஒன்றும் இல்லாத வகை. அதிலும் இரு பிரிவுகள் உண்டு. குடியானவர் ஒருவர் தம் புல்வெளியைக் கோடைக் காலத்தில் திறந்துவிடுகிறார். அங்கே ஒரு தண்ணீர்க் குழாய், மரத்தூள் தூவும் உலர் கழிவறை, நெருப்பு மூட்ட ஒரு குழி, அவ்வளவே இருக்கும். 2023 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த ஒரு விதியின்படி, தனி அனுமதிக்கு விண்ணப்பிக்காமலே வருஷத்தில் 60 நாட்கள் வரை, 50 கூடாரங்களுக்கு மேற்படாமல், குடியானவர்கள் இவ்விதம் இடம் தரலாம். ஆனால் ஸ்தல ஸ்தாபனத்துக்கு முன்கூட்டித் தகவல் தரவேண்டும். கழிவறையும் குப்பையகற்றும் ஏற்பாடும் செய்யவேண்டும். கையிருப்புக் குறைந்த சிறு பண்ணைகளுக்கு இது ஒரு உபரி வருமானம்.

மற்றப் பிரிவுதான் நம் வழக்குக்கு மூலமானது. அதில் குழாயும் இல்லை, கழிவறையும் இல்லை, காவலும் இல்லை. மனிதனும் மலையும்தான். இதை அந்நாட்டார் காட்டுக் கூடாரம் என்கிறார்கள்.

டார்ட்மூர் என்னும் மேட்டு நிலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தென்மேற்கே டெவன் மாகாணத்தில், 954 சதுர கிலோமீட்டர் பரந்து கிடப்பது. 1951-ல் தேசியப் பூங்காவாக்கப்பட்டது. கருங்கல் பாறைகள் அடுக்கடுக்காகக் குன்றுகளின் உச்சியில் நிற்கும். அவற்றை 'டோர்' என்பார்கள். அதி உயர்ந்த சிகரம் 621 மீட்டர்தான். நம் நீலகிரிக்கு முன் இது ஒரு மேடு. ஆயினும் அட்லாண்டிக் சமுத்திரக் காற்று நேரே வந்து மோதுவதால், மத்தியிலுள்ள பிரின்ஸ்டவுன் என்ற ஊரில் வருஷத்தில் சுமார் 2,000 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. மூடுபனி இறங்கினால் பத்தடி தூரத்திலுள்ள பாறையும் மறைந்துவிடும். சதுப்பு நிலம் காலை வாங்கும். மட்டக் குதிரைகளும் ஆடுமாடுகளும் இஷ்டம்போல் மேயும்.

அங்கே ஜூன் மாதத்து மாலைகளில் சூரியன் மறைய இரவு ஒன்பதரை மணியாகும். அதற்குப் பின்பும் வடமேற்கில் வெளிச்சம் நெடுநேரம் தங்கி நிற்கும். ஊற்றுநீரை வடிகட்டிக் கொதிக்க வைத்துத் தேநீர் போடவேண்டும். கைப்பேசிக்குப் பல இடங்களில் சமிக்ஞை கிட்டாது. விளக்குகளின் மங்கல் ஒளி இல்லாத வானத்தில் பால்வீதி தெளிவாகத் தெரியும். நகரத்தில் பிறந்து நகரத்திலேயே வளர்ந்த பல ஆங்கிலக் குழந்தைகள் முதன்முதலாக அதைப் பார்ப்பது இத்தகைய இடத்தில்தான். இதற்குக் கட்டணம் இல்லை, சீட்டு இல்லை, யாரையும் கேட்கவேண்டியதும் இல்லை. இந்தக் கடைசி வார்த்தையில்தான் வழக்கு முளைத்தது.

ஏனெனில் இங்கிலாந்தில் உடைமையாளன் இல்லாத நிலம் இல்லை. தேசியப் பூங்கா என்றால் தேசத்தின் சொத்து என்று நாம் நினைத்துக் கொள்வோம், அப்படியல்ல. டார்ட்மூரின் பெரும்பகுதி தனிப்பட்டவர்களுக்குச் சொந்தம். அதில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மிகையான பரப்பு, பொது மேய்ச்சல் வெளி. அதாவது நிலம் ஒருவருக்கு. அதில் ஆடுமாடு மேய்க்கும் பாத்தியதை சுற்றுவட்டாரத்துக் குடியானவர்களுக்கு. ஒரு காலத்தில் இங்கிலாந்து முழுவதுமே இத்தகைய பொது வெளிகள் ஏராளமாக இருந்தன. 1604 முதல் 1914 வரையில் பார்லிமெண்டு 5,200-க்கு மேற்பட்ட சட்டங்களை இயற்றி, சுமார் 68 லட்சம் ஏக்கரை வேலியிட்டுத் தனியுடைமையாக்கிற்று. இங்கிலாந்தின் மொத்தப் பரப்பில் இது ஐந்தில் ஒரு பங்கு. சட்டம் இயற்றியவர்களும் வேலி போட்டவர்களும் பெரும்பாலும் ஒரே வர்க்கத்தினர். உலகத்தின் பல பாகங்களை ஆண்ட அந்தத் தேசம், தன் சொந்தக் குடிகளையே தன் சொந்த மண்ணிலிருந்து விலக்கி வைத்தது என்பது சரித்திரத்தின் விநோதங்களில் ஒன்று.

விலக்கப்பட்டவர்கள் வாளாவிருக்கவில்லை. 1932 ஏப்ரல் 24-ஆம் தேதி, மான்செஸ்டர் நகரைச் சார்ந்த சில நூறு தொழிலாளர்கள், தடைசெய்யப்பட்டிருந்த கிண்டர் ஸ்கௌட் என்னும் மேட்டு வெளியில் கூட்டமாக ஏறினார்கள். அது கனவான்கள் பறவை வேட்டையாடுவதற்கென்று ஒதுக்கி வைத்த இடம். பென்னி ராத்மன் என்ற இளைஞர் கூட்டத்துக்கு முன்னின்றார். காவற்காரர்களுடன் கைகலப்பு நேர்ந்தது. ஐந்து வாலிபர்கள் சிறை சென்றார்கள். ராத்மனுக்கு நாலு மாதம் கிடைத்தது. மலையில் நடந்ததற்குச் சிறை என்ற செய்தி தேசத்தையே உலுக்கிற்று. 1949-ல் தேசியப் பூங்காச் சட்டம் பிறந்தது; 2000-ஆம் வருஷத்தில் மலை, மேட்டு நிலம், புதர்க் காடு, பதிவான பொதுவெளி ஆகியவற்றில் யாரும் நடந்து செல்லலாமென்ற சட்டம் வந்தது. இங்கிலாந்தின் பரப்பில் ஏறக்குறைய நூற்றுக்கு எட்டுப் பங்கு இவ்விதம் திறந்துவிடப்பட்டது. ஆயினும் அந்தச் சட்டமே, நடக்கலாம், கூடாரம் போடலாகாது என்று தெளிவாக விலக்கும் வைத்துவிட்டது. வடக்கே ஸ்காத்லந்திலோ 2003-ஆம் வருஷத்துச் சட்டம், பொறுப்புடன் நடந்துகொள்வோர் கூடாரம் அடித்துத் தங்கவும் இடம் தந்தது. ஒரே தீவில் எல்லைக் கோட்டுக்கு அந்தப் பக்கம் பாத்தியதை. இந்தப் பக்கம் அத்துமீறல்.

இங்கிலாந்தில் இதற்கு விலக்காக நின்ற இடம் டார்ட்மூர். அதற்கென்று 1985-ல் ஒரு தனிச் சட்டம் ஏற்பட்டிருந்தது. பொதுவெளிகளில் 'திறந்தவெளிப் பொழுதுபோக்குக்காக' நடந்தோ குதிரைமேலோ செல்லும் உரிமை ஜனங்களுக்கு உண்டென்று அது கூறிற்று. கூடாரம் என்ற சொல் அந்த வாசகத்தில் இல்லை. ஆனால் கூடாரமும் அதில் அடங்கும் என்றே எல்லோரும் எண்ணிவந்தார்கள். பூங்கா நிர்வாகமும் அப்படியே எண்ணிற்று. 1960 முதல் நடக்கும் 'பத்து டோர்கள்' என்ற நடைப்பந்தயத்தில், வருஷந்தோறும் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட பையன்களும் பெண்களும் கூடாரத்தைத் தாமே சுமந்துகொண்டு, 35, 45 அல்லது 55 மைல் தூரத்தை இரண்டு நாளில் கடக்கிறார்கள்.

2011-ல் டார்ட்மூரின் தென்பகுதியில் சுமார் 4,000 ஏக்கர் கொண்ட பண்ணையை விலைக்கு வாங்கிய அலெக்ஸாண்டர் டார்வால் என்பவரும் அவர் மனைவியாரும், அந்தப் பொது எண்ணத்தைக் கோர்ட்டில் பரீட்சைக்கு விட்டார்கள். நடப்பது பொழுதுபோக்கு, ஒப்புக்கொள்கிறோம். உறங்குவது எப்படிப் பொழுதுபோக்காகும் என்பது அவர்கள் கட்சியின் சாரம். 2023 ஜனவரியில் ஹைகோர்ட்டு அவர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்புக் கூறிற்று. ஒரே நாளில், இங்கிலாந்தில் எஞ்சியிருந்த அந்த ஓரிடத்து உரிமையும் போயிற்று. சில நாட்களுக்குள் ஆயிரக்கணக்கான ஜனங்கள் குளிரைப் பொருட்படுத்தாது அம்மேட்டு நிலத்தில் திரண்டு தங்கள் ஆட்சேபத்தைத் தெரிவித்தார்கள்.

இதற்கிடையில் நடந்த ஒரு சிறு விஷயத்தை வாசகர்கள் ஊன்றிக் கவனிக்கவேண்டும். நிலச் சொந்தக்காரர் பலர் பெரிய மனதுடன், "எங்கள் நிலத்தில் தங்கிக்கொள்ளலாம், அனுமதி தருகிறோம்" என்று முன்வந்தார்கள். அதற்கு ஈடாகப் பூங்கா நிர்வாகம் அவர்களுக்குப் பணம் தருவதாகவும் ஓர் ஏற்பாடு செய்யப்பட்டது. படுப்பவனுக்கு வித்தியாசம் ஒன்றும் தெரியாது. அதே புல், அதே நட்சத்திரம். ஆனால் நேற்று உரிமையாயிருந்தது இன்று தயவாகிவிட்டது. தயவு தருபவர் நாளைக்கு மனம் மாறலாம், நிலம் கைமாறலாம், கட்டணம் கூடலாம். ஜனங்கள் கூடி நின்றது தூங்க இடமில்லாமையால் அல்ல. இந்த வித்தியாசத்தை அவர்கள் உணர்ந்திருந்தார்கள். உரிமைக்கும் அனுமதிக்கும் உள்ள தூரம் என்ன என்று அறிந்த ஜனங்களுக்கு இதை விரித்துரைக்கத் தேவையில்லை.

2023 ஜூலையில் அப்பீல் கோர்ட்டு முதல் தீர்ப்பை மாற்றிற்று. மலையில் நடந்து களைத்தவன் புல்லில் சாய்ந்து கண்ணயர்ந்தால் அதுவும் பொழுதுபோக்கின் பகுதியே. மேலே ஒரு துணியை விரித்துக் கொண்டதனால் அதன் தன்மை மாறிவிடாது என்ற கருத்தில் நீதிபதிகள் பேசினார்கள். டார்வால் தம்பதிகள் மேலும் சென்றார்கள். 2025 மே 21-ஆம் தேதி சுப்ரீம் கோர்ட்டின் ஐந்து நீதிபதிகளும் ஒருமனதாக அவர்களுடைய அப்பீலைத் தள்ளினார்கள். 'நடந்தோ குதிரைமேலோ' என்ற சொற்கள் எப்படி வரலாம் என்பதைக் குறிக்கின்றனவேயன்றி, வந்த பின் என்ன செய்யலாம் என்பதைக் குறிக்கவில்லை என்றும், கூடாரம் அடித்துத் தங்குவது சாதாரணப் பொருளிலேயே திறந்தவெளிப் பொழுதுபோக்குத்தான் என்றும் விளக்கினார்கள். தூக்கத்துக்கு ஜயம் கிடைத்தது!

இவ்வளவு தூரம் படித்துவந்தவர்கள், டார்வால் தம்பதிகளை ஒரு நாடகத்து வில்லன் ஜோடியாகக் கற்பனை செய்துகொண்டால் அது நியாயமாகாது. அவர்கள் கட்சியிலும் பொருளுண்டு. நெருப்பினால் புல்வெளி பற்றிக்கொள்ளலாம். தரையில் கூடு கட்டும் பறவைகள் கலைந்துவிடும். விட்டெறிந்த பிளாஸ்டிக்கை மாடு தின்னும். நாயைக் கண்டு சினையாடு மிரளும். வாரக் கடைசியில் மலிவுக் கூடாரம் ஒன்றை வாங்கிவந்து, இரவெல்லாம் குடித்துக் கூத்தாடிவிட்டு, கூடாரத்தையும் புட்டிகளையும் அப்படியே போட்டுவிட்டுப் போகிறவர்களும் இருக்கிறார்கள். ஸ்காத்லந்திலேயே, லோமண்ட் ஏரியைச் சுற்றியுள்ள தேசியப் பூங்காவின் சில கரையோரப் பகுதிகளில், இத்தகையோர் செய்த நாசத்தால் 2017 முதல் மார்ச்சு தொடங்கி செப்டம்பர் வரை அனுமதிச் சீட்டு முறை வந்துவிட்டது. உரிமையைப் பறிப்பதற்குப் பணக்காரர்தான் வேண்டுமென்பதில்லை. பொறுப்பில்லாத ஏழையும் அதே காரியத்தைச் செய்துவிட முடியும்.

ஆகையால் டார்ட்மூரில் வகுத்திருக்கும் ஒழுங்குகளை இங்கே சொல்வது பொருத்தம். கூடாரம் சிறிதாக, முதுகில் சுமந்து சென்றதாக இருக்கவேண்டும். ஒரே இடத்தில் இரண்டு இரவுக்கு மேல் தங்கலாகாது. சாலையிலிருந்தும் வீடுகளிலிருந்தும் விலகி, கண்ணுக்குப் புலப்படாத இடமாகப் பார்க்கவேண்டும். வேலியடைத்த வயலிலும் புராதனச் சின்னங்களிலும் கூடாது. திறந்த நெருப்பு எக்காரணத்தாலும் கூடாது. எரிவாயு அடுப்பே உபயோகிக்க வேண்டும். பொதுவெளிகள் எல்லாவற்றிலுமே தங்கலாமென்பதும் இல்லை. நிர்வாகம் வெளியிட்டிருக்கும் படத்தைப் பார்த்துக்கொண்டே புறப்படவேண்டும்.

நம் குடும்பங்களிலிருந்து பிள்ளைகளும் பெண்களும் மேற்படிப்புக்காக இங்கிலாந்து போவது இப்போது சாதாரணமாகிவிட்டது. அவர்களில் யாரேனும் நண்பர்களுடன் இத்தகைய பிரயாணம் போவதாகக் கடிதத்திலோ தொலைபேசியிலோ தெரிவித்தால், தாய்மார்கள் பதறவேண்டியதில்லை. ஆனால் சில வார்த்தைகள் சொல்லி அனுப்பலாம். முதலாவது, குளிர் தாங்காமல் அடுப்பையோ கரிச்சட்டியையோ கூடாரத்துக்குள் கொண்டுபோகலாகாது. அதிலிருந்து எழும் கார்பன் மோனாக்ஸைடு வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை; உறங்குகிறவர்கள் விழிப்பதே இல்லை. அணைந்தது போல் தோன்றும் கரியும் இவ்வாயுவைக் கக்கும். இரண்டாவது, உண்ணிப் பூச்சி. புல்லிலும் புதரிலுமிருந்து ஒட்டிக்கொள்ளும். லைம் என்ற நோயைப் பரப்பும். இரவு உடலைச் சோதித்து, ஒட்டியிருந்தால் நுனி மெல்லிய இடுக்கியால் தோலோடு ஒட்டப் பிடித்து நேராக இழுக்கவேண்டும். மூன்றாவது, வடக்கு டார்ட்மூரில் பட்டாளத்தார் துப்பாக்கி சுடும் மைதானங்கள் உண்டு. சிவப்பும் வெள்ளையும் பூசிய கம்பங்கள் அவற்றின் எல்லை. பகலில் சிவப்புக் கொடியோ இரவில் சிவப்பு விளக்கோ தெரிந்தால் உள்ளே காலெடுத்து வைக்கலாகாது. நான்காவது, எங்கே போகிறோம், என்றைக்குத் திரும்புவோம் என்பதை ஊரில் ஒருவரிடமாவது சொல்லிச் செல்லவேண்டும். பருத்தித் துணி நனைந்தால் உலராது, உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். கம்பளியே துணை என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடலாம்.

மலங்கழிக்கும் விஷயத்தையும் நாசூக்குப் பார்த்து விட்டுவிடக் கூடாது. நீரோடைக்கு ஐம்பது மீட்டருக்குக் குறையாத தூரத்தில், ஒரு சாண் ஆழமாவது குழி தோண்டி, மண்ணிட்டு மூடவேண்டும். உபயோகித்த காகிதத்தைப் பையிலிட்டுத் திரும்பக் கொண்டுவந்துவிட வேண்டும். கீழேயுள்ள கிராமத்தாரும், நாளை அதே ஓடையில் தேநீருக்குத் தண்ணீர் மொள்ளப்போகும் முன்பின் அறியாத மனிதரும் நம் பராமரிப்பில் இருக்கிறார்கள் என்ற எண்ணமே இதற்கு அடிப்படை.

வெளிப்படையாகப் பார்த்தால், 2025-ல் வென்றது மிகவும் சிறிய ஒரு பாத்தியதை. வீடு கட்ட அல்ல; பயிரிட அல்ல; வேலி போட அல்ல. மாலையில் வந்து காலையில் போய்விட மட்டும்தான். அதுவும் ஒரு பெரிய தேசத்தின் ஒரு மூலையில். ஆனால் அது யாருடைய கருணையையும் எதிர்பாராதது. கூலிக்காரனுக்கும் கோடீசுவரனுக்கும் அங்கே ஒரே அளவு தரை, ஒரே அளவு வானம்.

இந்த உரிமையை இனிக் கோர்ட்டில் காப்பாற்ற வேண்டியதில்லை. மலையில்தான் காப்பாற்ற வேண்டும். கூடாரத்தைச் சுருட்டிய பின் அவ்விடத்தில் படிந்து கிடக்கும் புல்லைத் தவிர வேறு அடையாளம் ஒன்றும் இருக்கலாகாது. அந்தப் புல்லும் நண்பகலுக்குள் நிமிர்ந்துவிட வேண்டும். அப்படித் தங்கிச் செல்லும் ஒவ்வொருவரும், அடுத்து வரும் ஒருவருக்காக அந்த வெளியின் கதவைத் திறந்தே வைத்துவிட்டுப் போகிறார்கள்.